வெயிட் தூக்கினால் வேகம் குறையுமா? பந்து வீசும் பையனுக்குக் குதிப்புப் பயிற்சி எவ்வளவு?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: உங்கள் பையனுக்கு 17 வயது, வலது கை வேகப்பந்து வீச்சாளர், இதுவரை வெயிட் தொட்டதில்லை. சீசன் தொடங்க மூன்று மாதம் இருக்கிறது. கோச், "வெயிட் பக்கமே போகாதே, உடம்பு இறுகி வேகம் போய்விடும்" என்கிறார். பையனோ ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டுத் தினமும் 200 பாக்ஸ் ஜம்ப், அதாவது பெட்டிமேல் எம்பி ஏறும் குதிப்பு, போடுகிறான். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேர் பேச்சையும் வேண்டாம். ஆனால் அவசரமாக நிறுத்த வேண்டியது அந்த 200ஐத்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வேகப்பந்து வீசுவதே ஒரு குதிப்புதான். ரன்-அப் முடியும் இடத்தில் எம்பி, பின்கால் ஊன்றி, முன்கால் கிரீஸில் வந்து இறங்குகிறது. அந்த முன்கால் தரையைத் தொடும் கணத்தில் அதன்மேல் வரும் விசை, உடல் எடையைப்போல் சுமார் 5 முதல் 8 மடங்கு வரை அளக்கப்பட்டிருக்கிறது. பையன் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5 மடங்கு என்றே எடுத்தாலும் 350 கிலோ. அதுவும் ஒற்றைக் காலில், கண் சிமிட்டும் நேரத்தில். நெட்ஸில் 10 ஓவர் போட்டால் இது 60 தடவை நடக்கிறது. அந்தக் கால் வீட்டுக்கு வந்ததும் அதற்குமேல் 200 குதிப்பு!

குதிப்புப் பயிற்சியில் நாம் எண்ணுவது கால் தரையில் படும் தடவைகளை. தொடக்க நிலையில் இருப்பவருக்கு ஒரு அமர்வில் 80 முதல் 100 வரை என்பது பயிற்சியாளர்கள் பரவலாக வைத்துக்கொள்ளும் அளவு. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. இது கிரிக்கெட்டை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இல்லை, பொதுவான கணக்கு. வாரத்தில் மூன்று நான்கு நாள் பந்து வீசும் பையனுக்கு நான் 40இல் ஆரம்பிப்பேன், 60ஐத் தாண்ட விடமாட்டேன். பந்து வீசிய ஓவர்களையும் அதே நோட்டில் எழுதச் சொல்வேன். உடம்புக்கு இரண்டும் ஒரே கணக்குதான்.

பாக்ஸ் ஜம்பைப் பற்றி இன்னொன்று. காணொளிகளில் மார்பளவுப் பெட்டி மேல் தாவுகிறார்களே, அதில் பாதி உயரம் குதிப்பால் வருவதில்லை, முட்டியை மார்புக்கு இழுப்பதால் வருகிறது. இடுப்பு எவ்வளவு மேலே போனது என்பதுதான் உண்மையான குதிப்பு. முப்பதாவது தடவைக்குமேல் கால் தளர்ந்துவிடும், பெட்டியின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே எலும்பை வழித்துக்கொண்டு போகும். என் இடது காலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. எனக்கு அப்போது 22 வயது, யார் சொல்லியும் கேட்கிற வயசு இல்லை.

சரி, கோச் சொல்வதற்கு வருவோம். வெயிட் தூக்கினால் உடம்பு இறுகும் என்ற பயம் பல தலைமுறையாக இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு: கையையும் மார்பையும் மட்டும் பெருக்க, பாதித் தூரம் மட்டும் அசைத்து வெயிட் தூக்கியவர்களைப் பார்த்து வந்த பயம் அது. முழு அசைவோடு, அதாவது ஸ்குவாட்டில் நன்றாகக் கீழே இறங்கி ஏறினால், மூட்டின் அசைவு கூடத்தான் செய்யும், குறையாது. தசை பெருத்துவிடுமோ என்றால், 5, 6 முறை மட்டும் கனமாகத் தூக்கி, மற்ற நேரமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் பையனுக்கு அவ்வளவு சுலபமாகப் பெருக்காது. முதல் ஆறு, எட்டு வாரத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. இருக்கிற தசையையே மூளை கூடுதலாக வேலை வாங்கப் பழகுகிறது. வளர்த்தி நின்றுவிடும் என்பதும் கட்டுக்கதைதான். சரியான மேற்பார்வையில் பதின்ம வயதினர் வெயிட் தூக்குவது பாதுகாப்பானது. விராட் கோலி தன் ஆட்டத்தை மாற்றியதற்குப் பயிற்சியாளர் பாசு சங்கர் பழக்கிய பளுதூக்கும் பயிற்சியைப் பொதுவெளியில் காரணம் சொல்லியிருக்கிறார். அவர் உடம்பு இறுகிவிட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனாலும் கோச்சின் பேச்சில் ஒரு உண்மை இருக்கிறது. வெயிட் மட்டும் தூக்கினால் போதாது. ஏன் என்று தெரிய ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். சுவரோரம் நின்று, விரல் நுனியில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு, பாதி உட்கார்ந்த நிலையில் மூன்று நொடி அசையாமல் இருந்துவிட்டு எம்பிச் சுவரைத் தொடச் சொல்லுங்கள். அப்புறம் நிற்கும் நிலையிலிருந்து சட்டென்று இறங்கி, உடனே எம்பச் சொல்லுங்கள். இரண்டாவது தடம் சில சென்டிமீட்டராவது மேலே இருக்கும். பலம் அதேதான், கால் அதேதான். வித்தியாசம் என்னவென்றால், இரண்டாவது முறையில் தசையும் தசைநாணும் ரப்பர்போல இழுபட்டு, அந்த இழுவிசை வீணாவதற்குள் திரும்பிச் சுருங்கின. முதல் முறையில் மூன்று நொடி காத்திருந்ததில் அது ஆறிப்போய்விட்டது.

இந்த இழுபட்டுச் சுருங்கும் வேகத்தைப் பழக்குவதுதான் குதிப்புப் பயிற்சி. 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி, தாண்டும் வீரர்களை ஒரு உயரத்திலிருந்து இறங்கவிட்டு, தரையைத் தொட்டதும் மேலே எம்ப வைத்தார். "அதிர்ச்சி முறை" என்று அதற்குப் பெயர். 1975இல் அமெரிக்கர் ஃப்ரெட் வில்ட் இந்த வகைப் பயிற்சிகளுக்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வெர்கோஷான்ஸ்கி இதைப் பலம் சேர்த்த வீரர்களுக்குத்தான், அதுவும் மிகக் குறைவாகத்தான் கொடுத்தார். காணொளி போடுகிறவர்கள் மறப்பது இந்த இடத்தை.

கிரிக்கெட்டுக்கு ஏன் இந்த வேகம் தேவை? ஒரு ஆள் தன் முழு பலத்தையும் வெளியே கொண்டுவர ஏறக்குறைய கால் நொடிக்கு மேல் ஆகும். முழு வேகத்தில் ஓடும்போது கால் தரையில் இருப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பந்து வீச்சில் முன்காலின் நிலைமையும் இதுவே, உச்ச விசை நொடியின் சின்ன துணுக்கில் வந்து போய்விடுகிறது. ஆக, ஸ்குவாட்டில் 120 கிலோ தூக்கியும் கிரீஸில் முட்டி மடங்கும் பையன் இருக்கிறான். பலம் இருக்கிறது, வருவதற்கு நேரமாகிறது. பலமே இல்லாத பையன் மறுபக்கம். அவனுக்கு வேகமாக வெளியே கொண்டுவர உள்ளே ஒன்றும் இல்லை. உங்கள் பையன் இதுவரை வெயிட் தொட்டதில்லை என்கிறீர்கள். அவன் பெரும்பாலும் இரண்டாவது வகை. அவனுக்கு முதல் மருந்து வெயிட்தான்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: இறங்கக் கற்பது. என்னிடம் வரும் எல்லாரும் எம்பக் கற்றுக்கொடுங்கள் என்பார்கள், யாரும் இறங்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டதில்லை. கிரிக்கெட் பிரேக் போடும் ஆட்டம். முன்கால் ஊன்றுவது பிரேக், இரண்டாவது ரன்னுக்குத் திரும்புவது பிரேக், எல்லைக்கோட்டுக்கு முன் பந்தைத் தடுத்து எழுவது பிரேக். எம்பும்போது அடிபடுவது குறைவு, நிற்கும்போதுதான் கிழிகிறது.

பையனை 30 சென்டிமீட்டர் உயரப் படியிலிருந்து அடியெடுத்து இறங்கச் சொல்லுங்கள். குதிக்க வேண்டாம், இறங்கினால் போதும். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். 'தொப்' என்று சத்தம் வந்தால் உள்ளங்கால் முழுதும் ஒரேயடியாக விழுந்திருக்கிறது, அதிர்ச்சியை எலும்பு வாங்கியிருக்கிறது. சத்தம் அடங்கியிருந்தால் தசை வாங்கியிருக்கிறது. அப்புறம் கண்ணைத் திறந்து முன்னாலிருந்து பாருங்கள். முட்டிகள் ஒன்றையொன்று பார்த்து உள்ளே சாய்கின்றனவா? முட்டி நடுவிரலுக்கு நேரே நிற்க வேண்டும். இடுப்பு பின்னால் போய், மார்பு கொஞ்சம் முன் சாய்ந்து, அந்த நிலையில் இரண்டு நொடி ஆடாமல் நிற்க வேண்டும். இரண்டு காலில் சரியாக வந்தபிறகு ஒற்றைக் கால், படி 15 சென்டிமீட்டர் போதும். வலது கை வீச்சாளருக்கு இடது காலில் பாருங்கள், அதுதான் அவனுடைய முன்கால். ஐந்து தடவையில் நான்கு தடவை சத்தமில்லாமல், சாயாமல் நிற்கிறவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இதற்கே மூன்று வாரம் எடுத்தவர்கள் உண்டு. அது வீணான மூன்று வாரம் இல்லை.

இனி மூன்று மாதத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்கிறேன். கல்வெட்டு இல்லை, நான் இப்படித்தான் செய்வேன்.

முதல் நான்கு, ஐந்து வாரம் வாரத்துக்கு மூன்று நாள் ஜிம். ஸ்குவாட், முட்டியைச் சற்றே மடக்கி இடுப்பிலிருந்து குனிந்து தூக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட், பின்காலைப் பெஞ்சின்மேல் வைத்துச் செய்யும் ஒற்றைக்கால் ஸ்குவாட், குதிகால் உயர்த்துதல், கையால் இழுக்கும் பயிற்சி ஒன்று, தள்ளும் பயிற்சி ஒன்று, ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி உடம்பை நேராக நிறுத்தும் பக்கவாட்டு பிளாங்க். எல்லாம் 3 செட், எட்டு முறை. எட்டாவது முடித்ததும் இன்னும் இரண்டு செய்திருக்கலாம் என்று தோன்றும் எடைதான் சரியான எடை. இந்தக் காலத்தில் குதிப்பு கிடையாது, மேலே சொன்ன இறங்கும் பயிற்சி மட்டும் பத்து நிமிடம், வெயிட்டுக்கு முன்னால்.

இதில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உயர்மட்ட கிரிக்கெட்டில் அடிக்கடி வரும் தசைக் காயம் ஹேம்ஸ்ட்ரிங், தொடையின் பின்தசை. அதற்கு நார்டிக் என்ற பயிற்சி இருக்கிறது. முட்டிபோட்டு நிற்க வேண்டும், பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், உடம்பை நேராக வைத்து முன்பக்கம் எவ்வளவு மெதுவாகச் சாய முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாய வேண்டும். முதல் நாள் பாதியிலேயே பொத்தென்று விழுவான், கையை ஊன்றிக்கொள்ளட்டும். இதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆரம்பத்தில் 2 செட், 4 முறை, வாரம் ஒரு நாள். அதற்கே மறுநாள் உட்கார எழ முனகுவான், பயப்பட வேண்டாம்.

அடுத்த நான்கு வாரம் எடை கூடும், எண்ணிக்கை குறையும்: 4 செட், 5 முறை, செட்டுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. இப்போதுதான் குதிப்பு உள்ளே வருகிறது, வாரம் இரண்டு நாள். இரண்டு காலில் நின்ற இடத்தில் எம்புதல், நின்றபடி முன்னால் தாண்டுதல், 40 சென்டிமீட்டர் பெட்டிமேல் ஏறுதல். ஐந்து குதித்தால் ஒரு செட், நடுவே ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் சும்மா நிற்க வேண்டும். பையன்களுக்கு இந்தச் சும்மா நிற்பதுதான் கஷ்டம். மூச்சு வாங்காவிட்டால் பயிற்சியே இல்லை என்று நினைக்கிறார்கள். மூச்சு வாங்க ஓடலாம், குதிப்பு அதற்கானது இல்லை. ஒவ்வொன்றும் முழு உயரம் போக வேண்டும், உயரம் குறைந்த கணத்தில் அன்றைய குதிப்பு முடிந்தது.

கடைசி நான்கு வாரத்தில் ஒற்றைக் கால் தாவல்கள், பக்கவாட்டுத் தாவல், 30 சென்டிமீட்டரிலிருந்து இறங்கித் தரை சுட்டதுபோல் உடனே எம்புவது. வெர்கோஷான்ஸ்கியின் அதே சங்கதி, சின்ன அளவில். இதற்குமுன் உடல் எடையைப்போல் ஒன்றரை மடங்கு ஸ்குவாட் தூக்கியிருக்க வேண்டும் என்று பழைய விதி ஒன்று உண்டு. அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை, ஆனால் உடல் எடையளவாவது சுத்தமாகத் தூக்காத பையனை நான் இதற்கு விடுவதில்லை. மெடிசின் பந்து என்கிற கனமான பயிற்சிப் பந்தைச் சுவரில் பக்கவாட்டாகச் சுழற்றி எறிவதையும் இப்போது சேருங்கள். இடுப்பு முதலில் திரும்பி, தோள் பின்தொடரும் அந்த வரிசை மட்டையடிப்புக்கும் பந்து வீச்சுக்கும் பொது.

இவ்வளவும் செய்தால் வேகம் எவ்வளவு கூடும்? எண் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஓட்டமும் குதிப்பும் மேம்படும் என்பதைத் தைரியமாகச் சொல்லலாம். பந்தின் வேகம் ரன்-அப் வேகம், முன்கால் மடங்காமல் நிற்பது, கை தாமதமாகச் சுற்றி வருவது, உடல் முன்னே வளைவது என்று பலவற்றைப் பொறுத்தது. முன்கால் நிமிர்ந்து நின்றால் ஓடிவந்த வேகம் இடுப்பைத் தாண்டி மேலே ஏறுகிறது, மடங்கினால் முட்டியிலேயே கரைந்துவிடுகிறது. அந்தக் காலை நிமிர்த்தி வைக்கப் பலம் வேண்டும், அந்தப் பலம் நொடித் துணுக்கில் வர வேண்டும். ஜிம் தருவது அதை. வீச்சை மாற்றும் வேலை கோச்சுடையது. அங்கே நான் வாயைத் திறக்க மாட்டேன்.

மட்டையாளர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்: இரு கிரீஸ்களுக்கும் நடுவே 17.68 மீட்டர். மூன்று ரன் ஓடினால் இரண்டு தடவை முழுத் திருப்பம். ரன் அவுட்டில் பலர் இழப்பது ஓட்டத்தில் இல்லை, அந்தத் திருப்பத்தில். பெரும்பாலோர் ஒரே காலில் திரும்பியே பழகியிருப்பார்கள், மற்றக் காலில் திரும்பச் சொன்னால் வண்டி திருப்புவதுபோல் வட்டம் போடுவார்கள். பக்கவாட்டுத் தாவலும் ஒற்றைக்கால் ஸ்குவாட்டும் இங்கேதான் காசாகின்றன. விக்கெட் கீப்பருக்கு வேறு கதை: 50 ஓவரில் குறைந்தது 300 தடவை உட்கார்ந்து எழுகிறார், அவருக்கு நான் குதிப்பைப் பாதியாக வெட்டிவிடுவேன்.

சீசன் தொடங்கியதும் பலர் ஜிம்முக்கு முழுக்குப் போட்டுவிடுவார்கள். பலம் சில வாரம் தாங்கும், அப்புறம் வடிய ஆரம்பிக்கும். சரியாகத் தொடரின் நடுவில், ஓவர் அதிகமாகும் நேரத்தில். வாரம் ஒரு நாள் போதும்: இரண்டு கனமான பயிற்சி, இரண்டு செட், நான்கு முறை, கூடவே பத்துப் பதினைந்து குதிப்பு. அரை மணி நேரம். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் செய்யுங்கள், முந்தின நாள் வேண்டாம்.

கடைசியாக முதுகு. இந்த வயதில் வேகப்பந்து வீச்சாளரின் கீழ்முதுகு எலும்பு இன்னும் முழுசாக முற்றவில்லை. தசை சில வாரத்தில் பலமாகிவிடும், எலும்புக்கு மாதக் கணக்காகும். அந்த இடைவெளியில்தான் விரிசல் விழுகிறது, பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973இல் முதுகெலும்பு முறிவோடு ஒதுங்கி, கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகுதான் திரும்பினார். அதே நாட்டு வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011இல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார், இரண்டாவது டெஸ்ட் ஆட 2017 மார்ச் வரை ஆனது. இடையில் பெரும்பகுதி முதுகுக் காயங்கள். உலகின் நல்ல மருத்துவக் குழுவும் பயிற்சியாளர்களும் கூட இருந்தே இது நடந்தது. உங்கள் பையனுக்குக் கீழ்முதுகில் இடப்பக்கம் வலி வந்தால், முக்கியமாகப் பின்னால் வளையும்போது வலித்தால், வெயிட், குதிப்பு, பந்துவீச்சு மூன்றையும் அன்றே நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். தைலம் தேய்த்துச் சமாளிக்கும் வலி இல்லை இது.

கோச்சிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு நோட்டு வாங்கி மூன்று கோடு போடுங்கள்: இன்று எத்தனை பந்து, எத்தனை குதிப்பு, முதுகு எப்படி. வாரக் கடைசியில் பையனே அதைக் கோச்சிடம் காட்டட்டும். வெயிட்டில் நம்பிக்கை இல்லாத கோச்சுக்கும் ஓவர் கணக்கில் நம்பிக்கை இருக்கும், பேச்சு அங்கிருந்து தொடங்கும். அந்தப் பெட்டியைத் தூக்கி முதல் நான்கு, ஐந்து வாரம் பரணில் போடுங்கள்.